அபூர்வமான காசா, அழகான காசா? பணம் கொடுக்கும் முன் எப்படி முடிவெடுப்பது

காசு சேர்க்க ஆரம்பித்து ஓரிரு வருடம் ஆன எல்லோருக்கும் இந்தக் குழப்பம் வரும். எதிரே இரண்டு காசு இருக்கிறது, கையில் இருக்கும் பணத்துக்கு ஒன்றைத்தான் எடுக்க முடியும். ஒன்று தேய்ந்து, முகம் மழுங்கி, எழுத்துகூட பாதிதான் தெரிகிறது, ஆனால் அந்த வருடத்துக் காசு கிடைப்பது குதிரைக்கொம்பு. இன்னொன்று எங்கு தேடினாலும் கிடைக்கும், ஆனால் நேற்றுத்தான் அச்சிலிருந்து விழுந்தது போல அப்படியே இருக்கிறது. எதை எடுப்பது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், தவறே இல்லை. ஆனால் அபூர்வத்துக்காகப் பணம் கொடுக்கிறீர்கள் என்றால் அது நிஜமாகவே அபூர்வம்தானா என்று நீங்களே சரிபார்த்திருக்க வேண்டும். அழகுக்காகக் கொடுக்கிறீர்கள் என்றால் அந்த அழகு காசோடு பிறந்ததாக இருக்க வேண்டும், பின்னால் யாரோ தேய்த்தும் கழுவியும் ஏற்றியதாக இருக்கக் கூடாது. இதில் அழகைப் பார்த்துப் பார்த்தே பழகிக்கொள்ளலாம், ஆறு மாதம் பொறுமையாகப் பார்த்தால் கண் தானாகத் தேறிவிடும். அபூர்வம் அப்படியில்லை, காசை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அது எத்தனை மிஞ்சியிருக்கிறது என்று காசு சொல்லாது, விற்பவர் சொல்வார். அதனால்தான் புதிதாக வருகிறவர்களிடம் முதல் வருடம் அழகான, சாதாரணமாகக் கிடைக்கிற காசுகளையே வாங்கச் சொல்கிறேன்.

எத்தனை அடித்தார்கள், எத்தனை மிஞ்சியது

அபூர்வத்தை முதலில் பேசிவிடுவோம், ஏனென்றால் அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான்.

ஒரு காசு அபூர்வமா என்று கேட்டால் உடனே எத்தனை அடித்தார்கள் என்ற எண்ணைச் சொல்வார்கள். அந்த ஒரு எண்ணை நம்பி வாங்காதீர்கள். அடித்தது எத்தனை, இன்று மிஞ்சியிருப்பது எத்தனை, அதைத் தேடி அலைகிறவர்கள் எத்தனை பேர், இந்த மூன்றும் மூன்று விஷயம், ஒன்றை வைத்து மற்றதைச் சொல்லவே முடியாது.

அமெரிக்காவின் 1933-ஆம் வருட இருபது டாலர் தங்கக் காசை எடுத்துக்கொள்ளுங்கள். அடித்தது 4,45,500. கேட்டால் மலிவாகக் கிடைக்கும் போலத் தோன்றும். ஆனால் அந்த வருடம்தான் அங்கே மக்கள் தங்கக் காசு வைத்துக்கொள்வதற்கே தடை வந்தது, அடித்ததைப் புழக்கத்துக்கு விடாமல் கிட்டத்தட்ட மொத்தத்தையும் உருக்கிவிட்டார்கள். இன்று தனி ஆள் சட்டப்படி வைத்திருக்கக்கூடியது உலகத்திலேயே ஒன்றே ஒன்றுதான், 2021-இல் அது ஏலத்தில் 1.89 கோடி டாலருக்கு விலைபோனது. இப்போது இதே காசின் 1924-ஆம் வருடத்ததைப் பாருங்கள். அதே சிற்பி அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸ் வரைந்த அதே உருவம், கையில் தீப்பந்தத்தோடு நடந்து வரும் அதே பெண், பின்பக்கம் பறக்கும் அதே கழுகு. 43 லட்சத்துக்கு மேல் அடித்தார்கள், ஏராளமானவை வெளிநாட்டு வங்கிகளில் மூட்டைக்குள் கிடந்ததால் உருக்கலிலிருந்து தப்பித்தன, அந்த வரிசையிலேயே மிக எளிதாகக் கிடைப்பவற்றில் இதுவும் ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வருடத்தைத் தவிர கண்ணுக்கு வித்தியாசம் எதுவும் தெரியாது. அபூர்வம் என்பது நான்கு இலக்கத்துக்காகக் கொடுக்கும் விலை என்று இந்த ஜோடியை வைத்துத்தான் நான் புரிந்துகொண்டேன்.

வெள்ளியிலும் இதே கதைதான். மார்கன் டாலர் என்று சொல்லும் அமெரிக்காவின் பெரிய வெள்ளிக் காசை 1878 முதல் 1904 வரையும், மறுபடி 1921-இலும் கோடிக்கணக்கில் அடித்தார்கள். 1918-இல் வந்த பிட்மன் சட்டத்தின்படி 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்களை உருக்கினார்கள், ஆனால் எந்த வருடத்ததை எவ்வளவு உருக்கினோம் என்று கணக்கு எழுதி வைக்கவில்லை. அதனால் அடித்த எண்ணிக்கை அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வரிசையில் காசு வாங்குவது இருட்டில் நடப்பது மாதிரி. 1895-ஆம் வருட மார்கனுக்குப் பதிவேட்டில் 12,000 சாதாரணக் காசும், சேர்ப்பவர்களுக்காகத் தனிக் கவனத்தோடு அடித்த 880 ப்ரூஃப் காசும் இருக்கின்றன. இன்று கண்ணில் படுவதெல்லாம் அந்த ப்ரூஃப்தான், சாதாரணக் காசு என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

மிஞ்சியது எத்தனை என்பதும் நிலையான எண் இல்லை, இது பலருக்குத் தோன்றுவதே இல்லை. நியூ ஆர்லியன்ஸில் அடித்த 1903-ஆம் வருட மார்கன் டாலர், புழக்கத்துக்குப் போகாத நிலையில் கிடைப்பது அதிசயம் என்று பல பத்தாண்டுகள் நம்பினார்கள், அந்த வரிசையை முடிக்க நினைத்தவர்கள் பெரும் தொகை கொடுத்து வாங்கினார்கள். 1962 கடைசியில் அரசாங்கத்தின் பெட்டகம் ஒன்றைத் திறந்து, ஆயிரம் ஆயிரமாகக் கட்டிய மூட்டைகளை வெளியே விட்டார்கள், உள்ளே இருந்தது அதே காசு. விலை ஒரே அடியில் சரிந்துவிட்டது. வாங்கி வைத்திருந்தவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை, அவர்களுக்குத் தெரிந்த அளவில் அது அபூர்வம்தான். புதையல், பெட்டகம், பழைய வங்கி இருப்பு, இதில் எது திறந்தாலும் அபூர்வம் குறையும். ஆனால் அதே காசை அதன் முகத்துக்காக வாங்கியிருந்தவரிடம் காசு அப்படியேதான் இருந்திருக்கும்.

அப்புறம் தேடுகிறவர்கள். 1909-இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்த லிங்கன் ஒரு சென்ட், வடிவமைத்தவரின் வி.டி.பி. என்ற முதலெழுத்துகளோடு, 4,84,000 அடித்தார்கள். எண்ணிப் பார்த்தால் இது ஒன்றும் அபூர்வமே இல்லை, எந்தப் பெரிய ஏலத்திலும் பல பிரதிகள் வரும். ஆனாலும் விலை இறங்குவதே இல்லை, ஏனென்றால் லிங்கன் சென்ட் வரிசையைச் சேர்க்கிற ஒவ்வொருவருக்கும் ஆல்பத்தில் அந்தக் குழியை நிரப்ப ஒன்று வேண்டும். இதற்கு நேர்மாறாக, மொத்தம் பத்துப் பன்னிரண்டுதான் தெரியவந்திருக்கும் பழைய வணிகர் டோக்கன்கள், அதாவது கடைக்காரர்கள் தாங்களே காசு போல அடித்து விட்ட வில்லைகள், நிறைய இருக்கின்றன, கேட்பார் இல்லாமல் கிடக்கும், ஏனென்றால் அதைத் தேடுவதே நாலு பேர். உங்களுக்கு அந்த டோக்கன் மேல் உண்மையான ஆசை இருந்தால் இது பெரிய வாய்ப்பு. வேறு ஒருவருக்கு விற்றுவிடலாம் என்ற எண்ணத்தில் வாங்கினால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும்.

எத்தனை மிஞ்சியிருக்கிறது என்பதைச் சொல்ல ஷெல்டன் என்பவர் பெயரில் ஒரு அளவுகோல் உண்டு, ஆர்-1 முதல் ஆர்-8 வரை. ஆர்-8 என்றால் ஒன்று முதல் மூன்று, ஆர்-7 என்றால் நாலு முதல் பன்னிரண்டு, ஆர்-6 பதின்மூன்று முதல் முப்பது, இப்படிப் போய் ஆர்-1 என்றால் 1,250-க்கு மேல். விற்பவர் ஆர்-6 என்று சொன்னால் அது இந்த அளவுகோலில்தானா என்று கேளுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு துறையிலும் வேறு வேறு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். "மிக மிக அபூர்வம்" என்று சொல்லிவிட்டு எண் எதுவும் சொல்லாதவரிடம் அபூர்வத்துக்கான விலையைக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். பழைய ஏலப் பட்டியல்களை நீங்களே புரட்டிப் பாருங்கள், கடைசிப் பத்து வருடத்தில் அந்தக் காசு எத்தனை தடவை விற்பனைக்கு வந்தது என்று எண்ணுங்கள். வருடம் நாலு தடவை வருகிறதென்றால் அது அபூர்வம் இல்லை, அடுத்த முறை நல்லதாக ஒன்று வரும்வரை காத்திருக்கலாம்.

பழையது என்றாலே அபூர்வம் என்ற நினைப்பையும் இங்கேயே விட்டுவிடுங்கள். கான்ஸ்டன்டைன் காலத்து ரோமானிய வெண்கலச் சில்லறைக்கு வயது 1,700 இருக்கும், மண்ணிலிருந்து குவியல் குவியலாக வந்துகொண்டேயிருக்கிறது. ராஜராஜன் பெயர் பொறித்த செப்புக் காசுக்கு ஆயிரம் வயது, அதுவும் ஏராளம். "வரையறுக்கப்பட்ட எண்ணிக்கை" என்று பெட்டியோடும் சான்றிதழோடும் வரும் புதிய நினைவுக் காசுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அடித்த அத்தனையும் அப்படியே பத்திரமாக இருக்கும், உருகாது, தொலையாது, அதனால் அந்த எண்ணிக்கை குறையவே குறையாது. பிடித்திருந்தால் பிடித்ததற்காக வாங்குங்கள்.

அழகைப் பார்க்கக் கற்றுக்கொள்வது

ஒரு மேசை விளக்கு, ஐந்து முதல் பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு லூப், கீழே விரிக்க மெத்தென்ற துணி. இவ்வளவுதான் தேவை. கூரையில் எரியும் குழல்விளக்கில் காசு பார்க்காதீர்கள், அந்தப் பரவலான வெளிச்சம் கீறலை எல்லாம் மறைத்துவிடும். ஒரே இடத்திலிருந்து விழும் வெளிச்சம் வேண்டும்.

காசின் விளிம்பை மட்டும் விரல்களால் பிடித்து, விளக்கின் கீழே மெதுவாகச் சாய்த்துச் சுற்றுங்கள். கழுவாத, புழங்காத வெள்ளிக் காசாக இருந்தால் ஒரு விசிறி வடிவ வெளிச்சம் நடுவிலிருந்து கிளம்பி வண்டிச் சக்கரத்தின் ஆரம் போல முகத்தைச் சுற்றி ஓடும். இது மேலே பூசிய பளபளப்பு இல்லை. அச்சு அழுத்தும்போது உலோகம் வெளிப்பக்கமாக வழிந்து ஓடுகிறது, அச்சின் மேல்பரப்பில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கோடுகள் ஆரம் ஆரமாகக் காசில் பதிகின்றன, அந்தக் கோடுகளில் பட்டுத்தான் வெளிச்சம் ஓடுகிறது. ஒருமுறை போனால் திரும்பக் கொண்டுவரவே முடியாத விஷயம் இது. ரசாயனத்தில் முக்கியெடுத்தால் அந்தக் கோடுகளின் மேல்பக்கம் கொஞ்சம் கரைந்துவிடும், இரண்டு மூன்று தடவை முக்கினால் காசு வெள்ளை வெளேரென்று இருக்கும், ஆனால் சாய்த்தால் எதுவும் ஓடாது, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி செத்த வெள்ளையாக இருக்கும்.

நான் ஆரம்பத்தில் வாங்கிய ஒரு மார்கன் டாலர் இன்னும் என்னிடம் இருக்கிறது. வாங்கும்போது கண்ணாடி மாதிரி மின்னியது, அந்தப் பெட்டியிலேயே அதுதான் கண்ணை இழுத்தது, பக்கத்தில் ஓரமெல்லாம் பழுப்பேறிக் கிடந்த இன்னொன்றை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் விளக்கின் கீழே வைத்து லூப்பில் பார்த்தபோதுதான் தெரிந்தது, கன்னத்திலிருந்து கழுத்து வரை நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள், எல்லாம் ஒரே திசையில், யாரோ துணியில் பொடி தொட்டு அழுத்தித் துடைத்திருக்கிறார்கள். புழக்கத்தில் விழும் கீறல் அப்படி இருக்காது, அது இஷ்டத்துக்கு எல்லாத் திசையிலும் விழும். அதோடு கன்னம்தான் கோடு கோடாக மின்னியது, எழுத்துகளின் இடுக்கில் துணி போகாததால் அங்கே பழைய கறுப்பு அப்படியே இருந்தது. மேடு மின்னுகிறது, இடுக்கு கறுப்பாக இருக்கிறது என்றால் துடைத்த காசு, இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டாலே பாதி ஏமாற்றத்திலிருந்து தப்பிக்கலாம். அந்தப் பழுப்பேறிய காசைத்தான் அன்று வாங்கியிருக்க வேண்டும், அதை நினைத்தால் இன்னும் மனசு கஷ்டப்படுகிறது.

அந்தப் பழுப்பு, நீலம், ஊதா எல்லாவற்றையும் டோனிங் என்கிறார்கள். காற்றிலும் காகிதத்திலும் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து மெல்லிய படலமாகப் படிகிறது, படலத்தின் தடிமன் மாற மாற நிறம் மாறுகிறது, முதலில் வெளிர் மஞ்சள், பிறகு தங்கநிறம், சிவப்பு கலந்த ஊதா, நீலம், கடைசியில் கறுப்பு. இயற்கையாக வந்ததில் ஒரு நிறம் அடுத்த நிறத்துக்குள் மெல்லக் கரைந்து போகும். செயற்கையாகச் சூடாக்கியோ ரசாயனம் பூசியோ ஏற்றியதில் நிறங்கள் முறையின்றித் திட்டுத்திட்டாக, மேலே மிதப்பது போல இருக்கும், பழைய கீறலுக்குள்ளும் அதே பளிச் நிறம் இறங்கியிருக்கும். வானவில் மாதிரி இருக்கும் காசுக்கு நிறைய பேர் பெரிய தொகை கொடுக்கிறார்கள், அதனாலேயே நிறம் ஏற்றுவதும் ஒரு தொழிலாக நடக்கிறது. ஆரம்பத்தில் அதிக நிறமுள்ள காசுக்குக் கூடுதல் விலை கொடுக்காமல் இருப்பதே நல்லது.

கீறல், இடிபட்ட வடு எல்லாக் காசிலும் இருக்கும். எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. தலைமுடியின் சுருளுக்குள் மூன்று வடு இருந்தால் யாருக்கும் தெரியாது, வெறுமையான கன்னத்தின் நடுவில் ஒன்றே ஒன்று இருந்தாலும் ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் கண் நேராக அங்கேதான் போகும். ஒரே கிரேடு எண், அதாவது காசு எவ்வளவு நல்ல நிலையில் இருக்கிறது என்று சொல்லும் எண், எழுதிய இரண்டு காசில் ஒன்று உங்களுக்குப் பிடிப்பதற்கும் மற்றது பிடிக்காததற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அழுத்தம் சரியாக விழுந்ததா என்பதையும் பாருங்கள். காதுக்கு மேலே இருக்கும் முடி, கழுகின் மார்பு இறகு, இப்படி மேடான இடங்களில் வேலைப்பாடு இல்லாமல் மொழுக்கென்று இருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம், ஒன்று தேய்ந்திருக்கிறது, இல்லையென்றால் பிறக்கும்போதே அழுத்தம் போதாமல் பிறந்திருக்கிறது. சாய்த்துப் பாருங்கள். மொழுக்கான இடத்திலும் வெளிச்சம் தடையில்லாமல் ஓடினால் அது பிறவிக் குறை, அங்கே மட்டும் மங்கிச் சாம்பல் பூத்திருந்தால் தேய்மானம்.

பழங்காலக் காசில் அழகுக்கு இன்னொரு கணக்கு உண்டு, உருவம் காசின் நடுவில் விழுந்திருக்கிறதா என்பது. ஏதென்ஸின் ஆந்தைக் காசு, சுமார் 17 கிராம் வெள்ளி, கிறிஸ்துவுக்கு முந்தைய ஐந்தாம் நூற்றாண்டில் லாரியன் சுரங்க வெள்ளியில் ஏராளமாக அடித்தது, இன்றும் எளிதாகக் கிடைக்கும். கையால் அடித்ததால் பெரும்பாலானவற்றில் அதீனா தேவியின் தலைக்கவசத்தின் மேலே இருக்கும் கொண்டை விளிம்புக்கு வெளியே போய்விட்டிருக்கும். முழுக் கொண்டையும், மூக்கும், பின்பக்கத்தில் ஆந்தையின் இரண்டு கண்ணும் ஒரே காசில் முழுதாக விழுந்திருந்தால் அதை எடுத்துக் கையில் வைத்தவுடனே தெரியும், தேவியின் முகத்துக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது போல இருக்கும். கொண்டை அறுந்த மூன்று ஆந்தைகளைவிட அப்படி ஒரு ஆந்தை போதும் என்பேன்.

சரி, எதை எடுப்பது

முதலில், எதைச் சேர்க்கிறீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வருடம் வாரியாக, நாணயச்சாலை வாரியாக ஒரு வரிசையை முழுதாக நிரப்புவதுதான் ஆசை என்றால், அந்த வரிசையில் இருக்கும் ஒன்றிரண்டு கடினமான காசைத் தவிர்க்க முடியாது, அங்கே அபூர்வத்துக்குத்தான் பணம் போகும், அழகில் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். ஒவ்வொரு காலத்துக்கும், ஒவ்வொரு அரசுக்கும், ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு காசு போதும் என்பவராக இருந்தால் நீங்கள் கடினமான வருடத்தைத் தொடவே வேண்டியதில்லை, அந்த உருவத்தில் மிக எளிதாகக் கிடைக்கும் வருடத்தைத் தேர்ந்தெடுத்து, அதிலேயே மிக அழகானதை வாங்கலாம். செயின்ட் காடன்ஸின் தங்கக் காசு வேண்டும் என்றால் 1924 போதும். ஆஸ்திரியாவை ஆண்ட மரியா தெரசாவின் முகம் போட்ட தாலர் இருக்கிறதே, 1780 என்ற ஒரே வருடத்தைப் போட்டு, அவர் இறந்த பிறகும் பல நாட்டு நாணயச்சாலைகளில் கோடிக்கணக்கில் அடித்துக்கொண்டேயிருந்த காசு, அதைப்போல நல்ல முகமும் நல்ல வேலைப்பாடும் உள்ள வெள்ளிக் காசு இவ்வளவு எளிதாகக் கிடைப்பது பெரிய விஷயம்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இரண்டு பக்கமும் காலை வைப்பவர்கள்தான் கடைசியில் நொந்துபோகிறார்கள். ஒரு மாதம் அபூர்வம் என்று தேய்ந்ததை வாங்குவார்கள், அடுத்த மாதம் அழகு என்று வேறு நாட்டுக் காசை வாங்குவார்கள், மூன்று வருடம் கழித்துப் பெட்டியைத் திறந்தால் எதற்கும் எதற்கும் சம்பந்தம் இருக்காது.

அபூர்வம் பக்கம் போவதாக முடிவு செய்தீர்கள் என்றால், எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது என்பதற்கு நான் ஒரே ஒரு கோடு வைத்திருக்கிறேன். தேய்மானத்தை ஏற்றுக்கொள்ளலாம், கை வைத்ததை ஏற்றுக்கொள்ளக் கூடாது. நேர்மையாகப் புழங்கி, நூறு வருடம் பல பைகளில் கிடந்து, ஒரே மாதிரி தேய்ந்து, மேலே ஒரு சீரான சாம்பலோ பழுப்போ படிந்திருக்கும் காசு அழகுதான், அதற்கென்று ஒரு கம்பீரம் உண்டு. ஓட்டை போட்டு அடைத்தது, நகையில் பற்றவைத்து எடுத்தது, விளிம்பை ராவியது, எழுத்தை மறுபடி செதுக்கியது, தேய்த்துக் கழுவியது, இவை வேறு ரகம். இப்படிப்பட்ட காசுக்கு, காசைப் பரிசோதித்துச் சான்று தரும் நிறுவனங்கள் சாதாரண கிரேடு எண்ணே கொடுப்பதில்லை, குறையை எழுதித் தனியாக வைத்துவிடுகின்றன. விலை பாதியாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டு எடுத்தால், விற்கும்போது நீங்களும் பாதிக்குத்தான் விற்க வேண்டும், அதுவும் வாங்க ஆள் வந்தால்.

இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. உலகத்திலேயே ஐந்தாறுதான் தெரியும் என்ற நிலையில் இருக்கும் காசுக்கு இந்தக் கோட்டைப் போட முடியாது, வருகிறதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். பிரிட்டனின் 1933-ஆம் வருடப் பென்னி ஏழு போலத்தான் இருக்கிறது, பார்ப்பதற்கு மற்ற எந்த வருடத்துப் பென்னியையும் போல அமர்ந்திருக்கும் பிரிட்டானியா என்ற பெண்ணுருவம், வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. அதில் கறை இருக்கிறதா என்று யாரும் தயங்க மாட்டார்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வலை இருக்கிறது, கவனமாக இருங்கள். சான் பிரான்சிஸ்கோவின் 1884-ஆம் வருட மார்கன் தேய்ந்த நிலையில் சாதாரணமாகக் கிடைக்கும், புழங்காத நிலையிலோ கிடைக்கவே கிடைக்காது. இங்கே அழகே அபூர்வம். கொஞ்சமே தேய்ந்த காசுக்கும் தேயாத காசுக்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இத்துணூண்டு, விலையில் வித்தியாசம் மலையளவு. இது மாதிரி இடத்தில் உங்கள் கண்ணை மட்டும் நம்பாதீர்கள், விற்பவரின் கண்ணை நம்பவே நம்பாதீர்கள், 1986-இல் வந்த பிசிஜிஎஸ், 1987-இல் வந்த என்ஜிசி மாதிரி சான்று நிறுவனங்கள் பார்த்து உறையிட்ட காசாக மட்டும் வாங்குங்கள். உறை மேல் இருக்கும் எண்ணையும் அவர்களுடைய இணையதளத்தில் போட்டுப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஏனென்றால் உறையையே போலியாகச் செய்கிறார்கள். எந்தக் கிரேடில் எத்தனை காசு வந்தது என்று அந்த நிறுவனங்கள் வெளியிடும் எண்ணிக்கையும் உதவும், ஆனால் கூடுதல் கிரேடு கிடைக்குமா என்று ஒரே காசை உடைத்து உடைத்து மறுபடி அனுப்புகிறவர்கள் இருப்பதால் அந்த எண் கொஞ்சம் ஊதித்தான் இருக்கும்.

போலி வருவதும் அபூர்வத்தின் பக்கம்தான் அதிகம். சாதாரணக் காசிலும் போலி வராமல் இல்லை, ஆனால் அபூர்வத்தில்தான் ஒரே காசில் பெரிய லாபம். 1916-இல் டென்வரில் அடித்த பத்து சென்ட் 2,64,000-தான், அதனால் ஃபிலடெல்ஃபியாவின் சாதாரணக் காசை எடுத்து, டென்வரைக் குறிக்கும் 'டி' எழுத்தை ஒட்டிவிடுகிறார்கள். எழுத்தின் அடிப்பாகத்தை லூப்பில் பாருங்கள், ஒட்டியதில் ஒரு மெல்லிய இடைவெளிக் கோடோ, சுற்றிலும் நிறம் மாறியதோ தெரியும். எடையையும் விட்டத்தையும் எப்போதும் அளந்து பாருங்கள், மார்கன் டாலர் என்றால் 26.73 கிராம், 38.1 மில்லிமீட்டர். காந்தத்தில் ஒட்டினால் வெள்ளி இல்லை, ஒட்டாவிட்டால் அதனாலேயே வெள்ளி என்றும் ஆகாது. விளிம்பைச் சுற்றி ஒரு இணைப்புக் கோடு ஓடினால் அது வார்த்த காசு, கீழே வைத்துவிடுங்கள்.

இரண்டும் சேர்ந்து வரும் காசுகள் உண்டு. சிசிலியின் பழைய கிரேக்க நகரமான சைரக்யூஸில் கைமோன், யூஐனெட்டோஸ் என்ற சிற்பிகள் தங்கள் பெயரையே பொறித்துச் செய்த பத்து டிராக்மா வெள்ளிக் காசு, பெண்ணின் தலையைச் சுற்றி டால்ஃபின்கள் நீந்தும். 1839-இல் வில்லியம் வையன் செய்த ஐந்து பவுண்டு தங்கக் காசு, இளம் விக்டோரியா செங்கோலோடு சிங்கத்தை நடத்திச் செல்வாள், அடித்ததே நானூறு அளவில்தான். நம்மில் பெரும்பாலானவர்களால் இதையெல்லாம் அருங்காட்சியகத்தில்தான் பார்க்க முடியும், ஆனால் போய்ப் பார்த்துவிடுங்கள், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அரை மணி நேரம் பார்த்தாலே எது நல்ல வேலைப்பாடு என்று கண்ணுக்குப் பிடிபட்டுவிடும், அது பிறகு சாதாரணக் காசு வாங்கும்போதும் கைகொடுக்கும்.

நம் அளவுக்கு நடைமுறையில் நான் செய்வது இது. எனக்குப் பிடித்த வரிசையில் மிக எளிதான வருடமும் வேண்டாம், மிகக் கடினமான வருடமும் வேண்டாம், அடுத்த படியில் இருக்கும் ஓரளவு கடினமான வருடங்களை எடுத்துக்கொள்கிறேன். போலி செய்கிறவர்கள் அந்த வருடங்களைத் தொடுவது குறைவு, போட்டியும் குறைவு. அதில் மேல்பரப்பு கைபடாமல் இருக்கும் காசு வரும்வரை காத்திருக்கிறேன், ஒரு வருடம் ஆனாலும் சரி. வருடத்துக்கு முப்பது வாங்கிக்கொண்டிருந்தவன் இப்போது மூன்று நான்குதான் வாங்குகிறேன். ஒரு காசு பிடித்துவிட்டால் அன்றே பணம் கொடுக்காமல் ஒரு இரவு தள்ளிப்போடுகிறேன், மறுநாள் காலையில் காசின் முகம் நினைவுக்கு வருகிறதா, இல்லை அதன் எண்ணிக்கைதான் நினைவுக்கு வருகிறதா என்று பார்க்கிறேன். எண் மட்டும் நினைவுக்கு வந்தால், மறுபடி போய் ஏலப் பட்டியலைப் புரட்டி அந்த எண் உண்மைதானா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி.

வாங்கிய பிறகு

அபூர்வத்தைப் பாதுகாக்க வேண்டியதில்லை, இழுப்பறையில் போட்டு வைத்தாலும் அந்த எண்ணிக்கை அப்படியேதான் இருக்கும். அழகு அப்படியில்லை, வைத்திருக்கும்போதே கைவிட்டுப் போய்விடும். அதனால் அழகுக்குப் பணம் கொடுக்கும் முன்னாலேயே, அதை வைத்துக்காக்க உங்களால் முடியுமா என்று யோசியுங்கள். செம்புக் காசு இதில் ரொம்ப மோசம். அடித்த புதிதில் இருக்கும் செந்நிறம் 95 சதவீதத்துக்கு மேல் மிச்சமிருந்தால் அதைச் சிவப்பு என்று வகைப்படுத்தி விலையை ஏற்றிவிடுகிறார்கள், ஈரக்காற்று படும் இடத்தில் வைத்தால் சில வருடத்தில் அது பழுப்பாகிவிடும், கொடுத்த கூடுதல் பணமும் அதோடு போய்விடும். ஈரப்பதமான இடத்தில் இருப்பவர்கள் செம்பில் சீரான பழுப்பையே வாங்குங்கள், அது மேற்கொண்டு மாற அதிகம் இல்லை, வெள்ளியிலும் தங்கத்திலும் அழகைத் தேடிக்கொள்ளலாம்.

மெத்தென்று வளையும் பிவிசி உறையில் எந்தக் காசையும் விட்டுவைக்காதீர்கள், அது நாளடைவில் அமிலத்தை விட்டுக் காசின் மேல் பச்சையாகப் பிசுபிசுக்க வைக்கும். வாங்கிவந்த காசு அப்படிப்பட்ட உறையில் இருந்தால் அன்றைக்கே பிவிசி இல்லாத மைலார் பிளாஸ்டிக் உறைக்கு மாற்றிவிடுங்கள். பச்சைப் பிசுக்கு ஏற்கெனவே படிந்திருந்தால் சுத்தமான அசிட்டோனில், நெருப்புப் பக்கத்தில் இல்லாத காற்றோட்டமான இடத்தில், தேய்க்காமல் ஊறவைத்து எடுக்கலாம், அது பிசுக்கை மட்டும் கரைக்கும், உலோகத்தைத் தொடாது. அதைத் தவிர வேறு எதையும் செய்யாதீர்கள், பல்பொடி, புளி, எலுமிச்சை, வெள்ளி மெருகுத் திரவம் எதுவும் காசின் பக்கத்தில் வரக் கூடாது. ஒவ்வொரு காசையும் வாங்கிய அன்றே இரண்டு பக்கமும் படம் எடுத்து, தேதியும் எடையும் எழுதி வையுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விளக்கின் கீழே சாய்த்துப் பாருங்கள், நிறம் நகர ஆரம்பித்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.